மழைக் கணக்கும் மக்கள் வாழ்வும்

மழையைப் போற்றாத தமிழிலக்கியம் அரிது. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் போற்றியபின் மழையைப் போற்றினார். தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் உரிய பெரும்பொழுதுகளாக வகுத்தார். இவ்வாறு மழையைப் போற்றி வந்த நாம், அதனை அளந்தோமா? அளந்ததை எழுதி வைத்தோமா? எழுதி வைத்ததைப் படிக்கின்றோமா? இவற்றுள் இறுதி வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாகின்றது.

தமிழ்த்துறை மலரில் வானிலைக் கணக்குக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கணக்கு அறிவியலார்க்கு உரியதாயினும், அதனால் வாழ்வோரும் தாழ்வோரும் நம் மக்களே. மேலும், எழுதப்பெற்ற ஒன்றை ஆய்ந்து படித்துப் பொருள் காண்பது தமிழ் பயில்வோரின் முதற்கடமையாகும். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

பதிவேடு பிறந்த வரலாறு

1864ஆம் ஆண்டு கல்கத்தாவைக் கடும்புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இத்துயரங்கள் கற்பித்த பாடத்தின் விளைவாக 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவராக ஹென்றி பிளான்ஃபோர்டு பொறுப்பேற்றார். அதற்கு அடுத்த ஆண்டே தென்னகத்தைப் பெரும்பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் பல இலட்சம் பேர்.

சென்னையின் பெருமை இதனினும் பழமையானது. நுங்கம்பாக்கத்தில் 1792லேயே வான்நோக்கு நிலையம் அமைந்துவிட்டது. சென்னை மழையளவு 1813ஆம் ஆண்டு முதல் பதிவாகியுள்ளது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட இத்தகைய மழைப்பதிவு உலகின் பல நகரங்களுக்கு வாய்க்காத செல்வம்.

நாட்டின் சராசரி யாருடைய மழை?

வானிலைக் கணக்கிற்காக நம் நாடு 36 உட்கோட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாடும் புதுச்சேரியும் காரைக்காலும் சேர்ந்து ஓர் உட்கோட்டம். மேகாலயத்தின் மவ்சின்ராமில் ஆண்டுக்கு 1,100 செ.மீ.க்கும் மேல் மழை பொழிகின்றது. இராசத்தானத்தின் ஜெய்சல்மரிலோ ஏறத்தாழ 20 செ.மீ. அளவே கிட்டுகின்றது. இவ்விரண்டையும் உள்ளடக்கியதே நாட்டின் சராசரி. சூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்திற்கு அச்சராசரி ஏறத்தாழ 87 செ.மீ. ஆகும். செய்தித்தாள்களில் "இவ்வாண்டு பருவமழை இயல்பானது" என்று நாம் படிப்பதெல்லாம் இவ்வெண்ணை அடிப்படையாகக் கொண்டதே.

தமிழகத்தின் நிலை வேறு. தென்மேற்குக் காற்று சுமந்துவரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், நம் நிலத்தின் பெரும்பகுதி மழைமறைவுப் பகுதியாக நிற்கின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே நமக்குச் சராசரியாக 44 செ.மீ. மழையைத் தருகின்றது. ஆண்டு மழையில் இது ஏறத்தாழப் பாதி.

இவ்வேற்றுமையை உணராதார்க்கு நேரும் மயக்கத்தை 2016ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 97 விழுக்காடு பெய்தது. எனவே அஃது 'இயல்பான' ஆண்டு எனப்பட்டது. ஆனால் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. காவிரிப் படுகையில் பயிர்கள் கருகின. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நாட்டின் ஏட்டில் இயல்பாக இருந்த ஆண்டு, உழவன் வீட்டில் பஞ்சமாக இருந்தது. இரண்டு கணக்கும் பொய்யல்ல. முதற்கணக்கை மட்டும் படித்து அமைதி கொள்வதே குற்றம்.

மாதக் கணக்கின் இன்றியமையாமை

இடத்திற்குச் சொன்னது காலத்திற்கும் பொருந்தும். பருவத்தின் கூட்டுத்தொகை மாதங்களின் குறையை மறைத்துவிடும். 2023ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நாடு முழுவதற்குமான மழை 36 விழுக்காடு குறைந்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அதனைப்போல வறண்ட ஆகத்து வேறில்லை. ஆயினும் முன்னும் பின்னும் பெய்த மழையால் அப்பருவம் 94 விழுக்காட்டில் முடிந்தது. ஆண்டிறுதியில் 94 என்னும் எண்ணை மட்டும் பார்ப்பவர், ஆகத்தில் வானம் பார்த்து நின்ற மானாவாரி உழவரின் ஏக்கத்தை அறியார்.

வெப்பமும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள், நாட்டின் சராசரிப் பகல் வெப்பத்தில், 1901க்குப் பின் வந்த மார்ச்சுகளுள் மிகக் கடுமையானது. கோதுமை மணி முற்றும் காலத்தில் வெம்மை மிகுந்து விளைச்சல் குன்றியது. அவ்வாண்டு மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. ஒரு திங்களின் வெப்பம் உலகச் சந்தை வரை சென்று தாக்கியதை இங்கே காண்கின்றோம்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. அரசுப் பதிவேடுகள் ஆங்கில மாதத்தைப் பின்பற்றுவன. நம் ஐப்பசியோ அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிவது. ஆகவே ஐப்பசி அடைமழை எனப் பெரியோர் சொல்லும் மழை இரு கூறாகி இரு மாதங்களின் கணக்கில் சேர்கின்றது. நமது ஹிஜ்ரி ஆண்டோ பிறைவழி அமைந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால் பருவத்தோடு ஒட்டி நிற்பதில்லை. நாள்தோறும் அளவெடுத்து எழுதி வைத்திருந்தால், எந்த மாத முறையிலும் மழையைக் கூட்டிப் பார்த்து முன்னோர் சொல் இன்றும் பொருந்துகின்றதா என ஆராயலாம். நாட்கணக்கு இல்லையேல் அவ்வாய்ப்பு இல்லை.

காயல்பட்டினம் கற்பிப்பது

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் எளிதில் மறத்தற்கில்லை. 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியை அது விஞ்சியது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். அவ்வாறாயின் அன்று ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 38,000 லிட்டருக்கும் மேல் வீழ்ந்தது எனக் கணக்கிடலாம். அருகிலுள்ள திருச்செந்தூரிலோ பதிவான அளவு 69 செ.மீ. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே ஒரு சாண் உயரத்திற்கும் மேலான வேறுபாடு!

காயல்பட்டினத்தில் மழைமானி இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவ்வூர் மக்கள் பட்ட துன்பம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் ஏட்டில் அதற்குச் சான்று இருந்திராது. மழைமானி இல்லாத எத்தனையோ ஊர்களின் நிலை இன்றும் இதுவே. வறட்சியை அறிவிப்பதற்கு மழைக்குறைவே முதற்சான்றாகக் கொள்ளப்படுகின்றது. வானிலை சார்ந்த பயிர்க்காப்பீட்டில், குறிப்பிட்ட நிலையத்தின் அளவைக் கொண்டே இழப்பீடு கணிக்கப்படுகின்றது. நிலையம் தொலைவிலிருந்தால் உழவனின் இழப்பு கணக்கில் வராமற்போகும்.

மற்றொன்றும் நோக்குக. அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான் மிக்சாங் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. வடக்கிலும் தெற்கிலும் ஊர்கள் மூழ்கிய அப்பருவத்தின் மாநிலச் சராசரியோ 'இயல்பு' என்ற வகைக்குள்ளேயே அடங்கியது. சராசரியிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினும் குறையினும் இயல்பே என்பது துறையின் வரையறை.

"வரலாறு காணாத மழை"

பெருமழை பெய்யும்போதெல்லாம் நம் இதழ்கள் "வரலாறு காணாத மழை" என்று எழுதுகின்றன. வரலாற்றைப் பார்த்தவர்க்கே இத்தொடரை எழுத உரிமை உண்டு. 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்தது. ஆனால் 1918 நவம்பரில் அங்கே 1,088 மி.மீ. பதிவாகியிருந்தது. ஆக, அம்மாதத்தின் மழையளவை வரலாறு முன்னரே கண்டிருந்தது. ஏரிகளும் கால்வாய்களும் சதுப்பு நிலங்களும் வீடுகளாக மாறியிருந்த நகரைத்தான் வரலாறு கண்டதில்லை. பழைய ஏட்டைப் புரட்டினால் பழியை வானத்தின்மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் தப்ப இயலாது என்பது புலனாகும். புவி வெப்பமடைதலால் பெருமழைகள் கடுமையாகி வருவது மெய்யே. எந்த அளவிற்குக் கடுமையாகின்றன என்று காட்டுவதற்கும் பழைய பதிவே துணை.

பதிவு ஓர் அமானிதம்

இஸ்லாமிய மரபில் வளர்ந்தோர்க்குப் பதிவின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு நபிமொழியை ஏற்குமுன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தக்கவர்தாமா எனச் சங்கிலித் தொடராக ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். மழைப்பதிவுக்கும் இதுவே இலக்கணம். அளந்தவர் யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பவை இல்லாத எண் வெறும் கேள்விச் செய்தியே.

கெய்ரோ நகரின் ரவ்தா தீவில் நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்கும் தூண் ஒன்று உள்ளது. அப்பாசியக் கலீஃபா அல்முதவக்கில் காலத்தில், கி.பி. 861இல் அது கட்டப்பெற்றது. அந்நீர்மட்டத்தை ஒட்டியே நாட்டின் வரி விதிக்கப்பட்டது. நைல் நதி குறித்த அந்நெடும்பதிவுகளை இருபதாம் நூற்றாண்டில் ஹர்ஸ்ட் என்னும் நீரியல் அறிஞர் ஆராய்ந்தார். நல்ல ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் கூட்டம் கூட்டமாக வருவதை அவற்றிலிருந்து கண்டறிந்து, நீர்த்தேக்கம் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் எனக் கணித்தார். அன்று அளந்து எழுதியவர்கள் பிற்காலத்தார் பெறவிருந்த இப்பயனை அறிந்திலர். தம் கடமையைச் செய்தனர். பயன் ஆயிரம் ஆண்டு கழித்து விளைந்தது.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வொரு கல்லூரியும் தன் வளாகத்தில் ஒரு மழைமானி வைத்தல் வேண்டும். மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் அவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கேனும் தள்ளித் திறந்த வெளியில் அதனை நிறுவுதல் வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்தல் நாடு முழுவதும் உள்ள முறை. மழை பெய்யாத நாளில் 'இல்லை' என எழுதுதலும் பதிவே. அளவெடுக்க மறந்த நாளை வெறுமையாக விடுவதே நேர்மை. ஊகித்து எழுதும் ஓர் எண், உண்மையான நூறு எண்களையும் ஐயத்திற்குரியனவாக்கிவிடும்.

இரண்டாவது, தமிழ்த்துறை மாணவர் எண்ணோடு சொல்லையும் தொகுத்தல் வேண்டும். கடலோர மக்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கு வழங்கும் பெயர்களையும், அவை எந்நாளில் தொடங்கின என்பதையும் அம்மக்களிடமே கேட்டு எழுதலாம். பருவக்காற்றைக் குறிக்கும் 'மான்சூன்' என்னும் சொல்லே 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. காற்றை அறிந்து கலம் செலுத்திய மரபினர்க்கு இப்பணி தகுதியானதே.

மூன்றாவது, ஊர்ப் பெரியோர்கள் தம் நினைவிலுள்ள வெள்ளங்களையும் வறட்சிகளையும் ஆண்டுடன் சொல்லி உதவுதல் வேண்டும். வெள்ளம் எத்தெரு வரை வந்தது, மழை வேண்டித் திடலில் தொழுதது எவ்வாண்டு, ஊருணி வற்றியது எப்போது என்பன போன்ற செய்திகள் அரசு ஏட்டில் கிட்டா. அவற்றை மாதக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து ஜமாஅத் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், குளம் தூர்வாருவதற்கும் வடிகால் அமைப்பதற்கும் வாதாட நம் ஊரார் கையில் சான்று இருக்கும்.

மழை இறைவனின் அருட்கொடை. அதனைப் பெய்விப்பதும் நிறுத்துவதும் நம் கையில் இல்லை. பெய்ததை அளந்து பேணுவதும், அடுத்த தலைமுறையிடம் பிழையின்றி ஒப்படைப்பதும் நம் கையில் உள்ளன. அவ்வமானிதத்தைக் காக்கும் நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் மாணவச் செல்வங்களுக்கு அருள்வானாக!