ஒரு தந்தி ட்யூனருக்கு. ஐந்து தந்தி காதுக்கு!



கோடை விடுமுறையில் ஆசையாகக் கிடார் வகுப்பில் சேர்ந்து, பள்ளி திறந்ததும் அதை அலமாரி மேல் ஏற்றிவிட்ட பிள்ளைகள் உங்கள் தெருவிலும் இருப்பர். கேட்டால், 'எனக்குச் சங்கீதம் வராது' என்பர். பல நேரங்களில் வராதது சங்கீதம் அல்ல, சுருதி!

இதை நான் தாமதமாகத்தான் தெரிந்து கொண்டேன். ஆசிரியராக இருந்தபோது, ஆண்டு விழாவுக்கு மாணவர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு எனக்கு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், அவன் சித்தப்பாவின் பழைய கிடாரோடு வந்தான். விரல்கள் சரியாகத்தான் ஓடின. சத்தம் மட்டும் காதைக் குடைந்தது. 'இது உனக்கு வேண்டாம்பா... படிப்பைப் பாரு' என்று அனுப்பி விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, எங்கள் விளையாட்டு ஆசிரியர் அந்தக் கிடாரை வாங்கி, பத்து நிமிடம் திருகிக் கொடுத்தார். (அவருக்குக் கிடார் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்!) அதே பையன், அதே விரல், அதே பாட்டு... பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. ஆனால், நிகழ்ச்சிப் பட்டியல் அச்சுக்குப் போயிருந்தது. அடுத்த ஆண்டு அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அதனால்தான் சொல்கிறேன்... முதல் பாட்டுக்கு முன், சுருதி சேர்க்கக் கற்றுக் கொள்ளுங்கள். 'மாஸ்டர் சேர்த்துத் தருவார்' என்று இருக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சுருதி இறங்கினால் என்ன செய்வீர்கள்?

கிடார் தலையில் மாட்டும் ட்யூனர் இருக்கிறது. அலைபேசியிலும் செயலி உண்டு. முள் நடுவில் நின்றால் சரி. நல்ல வசதிதான். ஆனால், ஆறு தந்தியையும் அதனிடமே ஒப்படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து எழுதுவது போன்றது அது. ஒரே ஒரு தந்தியை ட்யூனரிடம் கேளுங்கள். மீதி ஐந்தையும் காதிடம் கேளுங்கள்.

எப்படி? மடியில் கிடாரை வைத்தால், மேலே இருக்கும் தடித்த தந்திதான் ஆறாவது. கீழே இருக்கும் மெல்லியது முதலாவது. தடித்ததில் தொடங்கி ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று பெயர். ஆறாவதை ட்யூனரில் சரி செய்யுங்கள். பிறகு, அதையே ஐந்தாவது ஃபிரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்தி மீட்டுங்கள். உடனே, ஐந்தாவது தந்தியை அழுத்தாமல் மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஒலியாக வேண்டும். ஆகவில்லையா? இரண்டையும் ஒன்றாக ஒலிக்க விட்டு, கூர்ந்து கேளுங்கள். 'வவ்... வவ்... வவ்...' என்று ஒலி ஏறி இறங்கும். அறிவியலில் இதற்கு விம்மல் என்று பெயர். ஏ தந்தி வினாடிக்கு 110 முறை அதிர வேண்டும். 108 முறை மட்டும் அதிர்ந்தால், வினாடிக்கு இரண்டு விம்மல் கேட்கும். மெல்லத் திருகினால் விம்மல் வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போகும். அந்த இடம்தான் சுருதி! முதல் தடவை அதைக் கேட்கும்போது வரும் மகிழ்ச்சியை எந்த முள்ளும் தராது.

இப்படியே அடுத்தடுத்த தந்திக்குப் போங்கள். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மட்டும், நான்காவது ஃபிரெட்டை அழுத்த வேண்டும். முடித்த பின், ட்யூனரில் சரிபாருங்கள், தப்பில்லை. முதல் வாரம் அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டுமே! கச்சேரி மேடையில் வித்வான்கள் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது, சபையே காத்திருக்கிறதே!

சேர்த்த சுருதி நிற்கவும் வேண்டும். ஒலி கூடிவிட்டால், நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி மேலே ஏற்றி நிறுத்துங்கள்; திருகாணி பின்வாங்காது. புதுத் தந்தி சில நாட்களுக்கு நீண்டு கொண்டேதான் இருக்கும். கிடாரைத் திட்ட வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்; சூட்டில் உலோகம் விரியும் என்று படித்திருப்பீர்கள். தந்தியை ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறிவிடும். மெல்லிய தந்தியை முறுக்கும்போது, முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அறுந்தால் சுரீர் என்று தெறிக்கும்.

அலமாரி மேல் இருக்கும் கிடாரை இன்று மாலை இறக்குங்கள். தந்தி துருப்பிடித்திருந்தால், எவ்வளவு திருகினாலும் சரிவராது. புதுசு மாற்றித் தரச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். பிறகு, தூசியைத் துடைத்துவிட்டு, ஆறாவது தந்தியிலிருந்து ஆரம்பியுங்கள்.