வாக்குச்சீட்டில் வராத கட்சி

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றதிலிருந்து வெள்ளவத்தையில் யாரைச் சந்தித்தாலும் ஒரே கதைதான்: எங்கள் கட்சிகள் ஏன் இப்படிச் சிதறிப்போயின? அண்மையில் கொட்டாஞ்சேனையிலும் அதே பேச்சு. இடையில் குறுக்கிட்டார், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

"தம்பி, புலிகளும் ஒரு கட்சி பதிஞ்சவை. அதுக்கு வோட்டுப் போடலாமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

ஊடகக் கற்கை படித்த எனக்கே அந்தக் கட்சி ஓர் அடிக்குறிப்பு அளவில்தான் தெரியும்.

1989 மே மாதம் பிரேமதாச அரசும் புலிகளும் கொழும்பில் பேசத் தொடங்கினர். இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டிருந்த காலம் அது. அந்த டிசம்பரில் 'விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணி' அரசியல் கட்சியாகப் பதிவானது. தலைவர் மாத்தையா, செயலாளர் யோகி. 1990இன் தொடக்கத்தில் வாகரையில் மாநாடும் நடந்தது.

வடக்கு கிழக்கு மாகாணசபையைக் கலைத்துப் புதிய தேர்தல் வையுங்கள், ஆறாவது திருத்தத்தை நீக்குங்கள் என்று புலிகள் கேட்டனர். இரண்டாவது கோரிக்கை சிறியதல்ல. 1983இல் வந்த அந்தத் திருத்தத்தின்படி, தனிநாடு கோரும் கட்சியைத் தடைசெய்யலாம். நாடாளுமன்றம் போகிறவர் பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்தாக வேண்டும். பேச்சு இழுபட்டது. 1990 மார்ச்சில் இந்தியப் படை போனது. இரு தரப்பையும் சேர்த்து வைத்திருந்த காரணமும் அதோடு போனது. ஜூனில் போர்.

அரசின் மேல் மட்டும் பழியைப் போட்டு இதை முடித்துவிட முடியாது. கட்சி பதிவாவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1989 ஜூலை 13 அன்று, இதே கொழும்பில்தான் அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் புலிகள் சுட்டுக் கொன்றனர். போட்டியாளரைக் கொன்றுவிட்டுக் கேட்கும் தேர்தல் எப்படிப்பட்ட தேர்தலாக இருந்திருக்கும்? ஆசிரியரிடம் இதைக் கேட்டேன்.

"தெரியும் தம்பி. எண்டாலும் போட்டிருப்பன். சண்டை நிக்குமெண்டா ஆருக்கும் போட்டிருப்பம்."

தலைவர் மாத்தையாவை 1994இல் இயக்கமே கொன்றது. செயலாளர் யோகி 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் இராணுவத்திடம் சரணடைந்தார் என்று குடும்பத்தினர் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றிய தகவல் இல்லை. இதே அரசு பதிவுசெய்த கட்சியொன்றின் செயலாளர் அவர். அன்று சரணடைந்தவர்களின் பட்டியலை அவர்களுடைய குடும்பங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.