மணச்சந்தையில் தமிழனுக்கு என்ன வேலை?

திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உள்ளம் ஒன்றி, உற்றார் அறிய, இல்லறம் தொடங்கும் நாள். அந்நாளைக் கூறுகட்டி விற்கும் சரக்காக மாற்றிவிட்டது இக்கால வணிகம். சென்னை, கோவை, மதுரை போன்ற பெருநகரங்களில் ‘திருமணக் கண்காட்சி’ என்னும் பெயரில் கூடங்கள் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. நகைக்கடை, பட்டுக்கடை, ஒளிப்படக்காரர், மேடை அணிசெய்வோர், விருந்து சமைப்போர், அழைப்பிதழ் அச்சிடுவோர் எனப் பலரும் ஒரே கூரையின்கீழ்க் கடை விரிக்கின்றனர். இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் மகளுக்கு மணம் பேசி முடித்த பெற்றோர்முன் இன்று ஒரு வினா நிற்கின்றது. மதுரைக்குப் பேருந்தேறிப் போய் அக்கண்காட்சியைப் பார்த்து வருவதா, வேண்டாவா?

வேண்டா என்பதே விடை. அதற்குக் கரணியங்கள் உள.

‘எல்லாக் கடைகளும் ஓரிடத்தில் இருப்பதால் விலையை ஒத்துப் பார்க்கலாமே, அலைச்சல் குறையுமே’ என்பர் சிலர். கேட்பதற்கு இஃது அறிவுடைய பேச்சாகவே தோன்றும். ஆனால், அங்கே ஒத்துப்பார்க்கக் கிடைப்பவர் யாவர்? கடையிடத்திற்கு வாடகை கட்டியவர் மட்டுமே. அவ்வாடகை யார் தலையில் விழும்? வாங்குவோர் தலையில்தான். தெருக்கோடியில் மூன்று தலைமுறையாகப் பந்தலிடுபவரும், ஊர்த் திருமணங்களுக்கெல்லாம் சமைத்தவரும் அக்கூடத்தில் இரார். ‘இன்றே முன்பணம் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி’ என்பது அங்கே ஒவ்வொரு கடையிலும் ஓதப்படும் மந்திரம். வீட்டிற்கு வந்து கணக்குப் பார்த்து, பெரியோரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டியதை, ஒளிவிளக்கின் நடுவே ஒரு நொடியில் முடிக்கச் செய்வதே அத்தள்ளுபடியின் நோக்கம். வேண்டியதை வாங்கப் போகிறவன் விலையை ஒத்துப்பார்ப்பான். என்ன வேண்டும் என்பதையே அங்குப் போய்க் கற்றுக்கொள்பவன் எதை ஒத்துப்பார்ப்பான்?

இங்கேதான் கேடு தொடங்குகின்றது. கண்காட்சி பொருளை மட்டும் விற்பதில்லை. இல்லாத தேவையையும் விற்கின்றது. திருமணத்திற்கு முன்னர் மணமக்களை மலைக்கும் கடற்கரைக்கும் கொண்டுபோய் எடுக்கும் ஒளிப்படம் நேற்றுவரை எந்தத் தமிழ்க் குடும்பத்தின் பட்டியலில் இருந்தது? ஒருநாள் நிகழ்ச்சி இரண்டு நாளாகி, மூன்று நாளாகி, நாளுக்கொரு மேடையும் வேளைக்கொரு உடையும் கேட்பது எப்பொழுது வந்தது? ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது பழமொழி. அஃது எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. வணிகரோ அதனை அறைகூவலாக மாற்றிவிட்டனர். ‘பண்ணிப்பார்’ என்று அவர் தூண்ட, பெற்றோர் கடன்பட்டுப் பண்ணிப்பார்க்கின்றனர்.

அக்கடனை அடைப்பவர் யார்? இராசபாளையத்து நூற்பாலையில் இரவுமுறை வேலை பார்ப்பவர். சத்திரப்பட்டித் தறியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்பவர். திருவில்லிபுத்தூரில் அடுப்பனல்முன் நின்று பால்கோவா கிண்டுபவர். இவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்தது ஒரே மாலையில் மேடைப்பூவாய் வாடிப் போகின்றது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் நூற்பாலை மாவட்டங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. ஏழை வீட்டு இளம்பெண்களை ஆலை விடுதியில் மூன்றாண்டு தங்கவைத்துக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கி, முடிவில் 30,000 முதல் 50,000 உருபா வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்லப்பட்ட ஏற்பாடு அது. திருமணச் செலவுக்கும் மணக்கொடைக்கும் அத்தொகை உதவும் என்பதே பெற்றோர்க்குக் காட்டப்பட்ட ஆசை. மூன்றாண்டு முடியுமுன் நோயால் வெளியேறியவர் பலர்க்கு அத்தொகை கைக்கு வரவில்லை. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் பெண்ணின் இளமையை அடகு வைத்துத்தான் மணமேடை ஏற வேண்டும் என்னும் நிலையிருந்தது எனின், அதன் வேர் எது? திருமணம் என்றால் பெருஞ்செலவு என்னும் நினைப்பே வேர். அவ்வேருக்கு நீரூற்றும் இடமே கண்காட்சி.

பொருளுக்கு நேர்ந்தது மொழிக்கும் நேர்கின்றது. ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’யைத் ‘திருமண அழைப்பித’ழாக மாற்றவும், ‘சிரஞ்சீவி’, ‘சௌபாக்கியவதி’களைத் ‘திருநிறைச்செல்வன்’, ‘திருநிறைச்செல்வி’யாக மாற்றவும் தனித்தமிழ் அன்பர்கள் வீடு வீடாய் வாதாடினர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி எளிய மக்களின் வீட்டு வாயிலைத் தொட்டது இவ்வழைப்பிதழின் வழியாகவே என்றால் மிகையன்று. அவ்வெற்றியை இன்று கண்காட்சிக் கடைகள் பின்வாயில் வழியாகப் பறிக்கின்றன. மருதாணி ‘மெகந்தி’யாகிறது, நலங்கு ‘அல்தி’யாகிறது, வரவேற்பு ‘ரிசப்சன்’ ஆகிறது, பாட்டும் கூத்தும் ‘சங்கீத்’ ஆகின்றன. அதே மஞ்சள்தான், அதே இலைதான். வடநாட்டுப் பெயரைச் சூட்டியவுடன் விலை பன்மடங்காகின்றது! முன்பு வடமொழி வந்தது. இப்பொழுது இந்தியும் ஆங்கிலமும் கைகோத்து வருகின்றன. பெயரை இழந்தவன் வழக்கத்தை இழப்பான். வழக்கத்தை இழந்தவன் அதனையே காசு கொடுத்து வாங்குவான்.

சரக்குச் சந்தை ஒருபுறமிருக்க, ஆட்சந்தை ஒன்றும் உண்டு. சாதிச் சங்கங்கள் மண்டபம் பிடித்து, ‘சுயம்வரம்’ என்று பெயரிட்டு, தத்தம் சாதி ஆண்களையும் பெண்களையும் மேடையேற்றிக் குலமும் கூட்டமும் சம்பளமும் அறிவிக்கச் செய்கின்றன. இதன் போக்கு எங்கே முடியும் என்பதற்கு வடக்கே சான்றுண்டு. பீகார் மாநிலத்து மதுபனி மாவட்டத்தில் சவுராத் என்னும் ஊரின் மாந்தோப்பில் மைதிலிப் பார்ப்பனர் நெடுங்காலமாக மணமகன் சந்தை நடத்தி வந்தனர். குலவரிசை ஏடு வைத்திருக்கும் ‘பஞ்சிகார்’ உறவுமுறை பார்த்துச் சான்று தருவர். பெண்ணைப் பெற்றோர் தோப்பில் அமர்ந்திருக்கும் ஆண்களைப் பார்த்துத் தேர்வர். நாளடைவில் அங்கே மாப்பிள்ளைக்கு விலை பேசுதல் புகுந்தது. இன்று அச்சந்தை கூட்டம் குன்றி நிற்கின்றது. சாதியை வேலியாகக் கட்டினால் வேலிக்குள் ஏலந்தான் நடக்கும் என்பதே அது தரும் பாடம்.

அங்ஙனமாயின் தமிழர்க்கு உரிய மணம் எது? தேடிக் களைக்க வேண்டியதில்லை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டிலும் 136-ஆம் பாட்டிலும் இருவேறு திருமணங்கள் காட்டப்படுகின்றன. முன்னதில் நல்லாவூர் கிழார், பந்தலிட்டுப் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, உழுந்து கலந்த உணவை ஊரார் உண்ண, மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரைச் சொரிந்து மணப்பெண்ணை வாழ்த்தியதைக் கூறுகின்றார். அங்கே எரியோம்பல் இல்லை. புரியாத மொழியில் ஓதுவார் இல்லை. அவர்க்கு அளக்கும் காணிக்கையும் இல்லை. பந்தல், மணல், விளக்கு, உணவு, வாழ்த்து – இவ்வளவே. இவற்றுள் எதற்குக் கண்காட்சி வேண்டும்?

திருவில்லிபுத்தூர் மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வூர்ப் பெண்ணான ஆண்டாள் தன் திருமணக் கனவைத் தோழியிடம் உரைத்தது தமிழில். நாச்சியார் திருமொழியின் 143 பாட்டுள் ஒரு பதிகம் முழுதும் அக்கனவே. வடவர் சடங்குகள் அதனுள் புகுந்திருப்பது உண்மையே. எனினும் கனவு கண்டவள் தன் விருப்பத்தைத் தன் வாயால், தன் மொழியால் சொன்னாள். பங்குனி உத்தரத்தில் அவள் திருமணத்தை ஆண்டுதோறும் கண்டு மகிழும் ஊரில், மகளின் திருமணத்தை மணமக்கள் இருவர்க்கும் விளங்காத மொழியில் நடத்துவது எவ்வகையில் பொருந்தும்? இராசபாளையத்தார்க்கும் இது தொலைவுச் செய்தியன்று. 1902-இல் சங்கரநயினார்கோவிலில் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் கற்றதும், பின்னர் ஆசிரியராய் அமர்ந்ததும் இராசபாளையத்தை அடுத்த முறம்பில்தான். ‘தமிழர் திருமணம்’ என்னும் நூலை எழுதியவர் அவர். வழிகாட்டி வாயிற்படியில் இருக்க, வழிகேட்டு மதுரைக்குப் போவதேன்?

சட்டமும் எளிமையின் பக்கமே நிற்கின்றது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில்தான் 1928-இல் பெரியார் முதல் தன்மதிப்புத் திருமணத்தை நடத்திவைத்தார். அத்தகைய மணங்கள் செல்லா என்று சென்னை உயர்முறைமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் இயற்றப்பட்ட திருத்தச்சட்டம் அத்தடையை நீக்கி, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிருக்க, மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலே போதும்; மாலை மாற்றினாலோ, கணையாழி அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். பலரறியப் பறைசாற்றவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லையென 2023-இல் உச்சமுறைமன்றம் தெளிவுபடுத்தியது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வதே எஞ்சிய கடமை. மணம் செல்லுபடியாவதற்குச் சட்டம் கேட்பது இருவர் வாய்ச்சொல். கண்காட்சி கேட்பதோ குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பு.

அரசே இவ்வகையில் வழிமாறி நடந்திருப்பதையும் எண்ணுக. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென 5,000 உருபா உதவி தொடங்கப்பட்டது. பின்னர் அது 25,000, 50,000 உருபாவாக வளர்ந்து, தாலிக்குப் பொன்னும் சேர்ந்தது. 2022-இல் அத்திட்டம் ‘புதுமைப்பெண்’ என மாற்றப்பட்டு, அரசுப்பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பெறத் திங்கள்தோறும் 1,000 உருபா எனத் திருப்பிவிடப்பட்டது. மேடைக்குப் போன பணம் படிப்புக்குப் போயிற்று. அரசு செய்ததை வீடு செய்யலாகாதா?

ஆகவே, மணம் பேசி முடித்த தமிழ்ப் பெற்றோர் முதலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மணமக்களையும் உடன்வைத்து, ஒரு தாளில் வேண்டியவற்றைத் தமிழில் எழுதுக. தமிழில் பெயரில்லாத சடங்கு வந்தால், அஃது எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று கேட்டு அடித்துவிடுக. கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்பதையும் அடித்துவிடுக. எஞ்சியதை ஊரிலுள்ள பந்தற்காரரிடமும் சமையற்காரரிடமும் அச்சகத்தாரிடமும் பேசி முடிக்க. மிஞ்சிய பணத்தை மணமகள் பெயரில் வைப்பாக்குக. அல்லது அவள் விட்ட படிப்பைத் தொடரச் செய்க.

தமிழில் உறுதி சொல்லி, தமிழில் வாழ்த்துப் பெற்று, கடனின்றி இல்லம் புகும் மணமக்களைக் காட்டிலும் சிறந்த கண்காட்சி வேறில்லை. அத்தகைய திருமணங்கள் இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் தெருவுக்கொன்றாய் நடக்கட்டும். மதுரைக்குப் போகும் பேருந்தில் இடம் தானே காலியாகும்!