ஒரு மணி பத்து நிமிசமாம்!

சென்னை - மதுரை விமானப் பயண நேரம்னு எங்க தேடினாலும் ஒரு மணி சொச்சம்னுதான் வரும். தூரம் நேர்க்கோட்டுல சுமார் 420 கிலோமீட்டர். ரெண்டும் பொய் இல்லை மக்களே. ஆனா அலங்காநல்லூர்க்காரனுக்கு ரெண்டும் உதவாதுங்கிறது என் கட்சி.

ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை தெரிஞ்சா தூரம் போட்டுடலாம். ஒருநாள் பொழுது போகாம மதுரையில இருந்து கொழும்பு கட்டுநாயக்கவுக்குப் போட்டேன். 350 சொச்சம்தான். சென்னையைவிட கொழும்பு பக்கம்! அப்பத்தாகிட்ட சொன்னா, "அப்ப சிலோன்லயே வேலை பாக்க வேண்டியதுதானடா"ன்னுச்சு.

ஜெட் விமானம் உயரத்துல மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்குல சென்னை - மதுரைக்கு அரை மணி நேரம் போதும். ஆனா ஓடுபாதைக்கு ஊர்ந்து போகணும், ஏறணும், உடனே இறங்க ஆரம்பிக்கணும். வேகமா பறக்க நேரமே இல்லை. அதனாலதான் 500 கிலோமீட்டர் வேகத்துல போற ஏடிஆர் விமானமும் இந்தத் தூரத்துல பெருசா பிந்தாது.

சரி, மேட்டருக்கு வர்றேன். போன தை கழிஞ்சு ஒருநாள் காலைல நாலு மணிக்கு அம்மா போன். அப்பத்தாவுக்கு முடியலை. பதறிப்போய் விமான டிக்கெட் போட்டேன். கிடைச்சது ஒன்பதரை மணிக்கு. சோழிங்கநல்லூர்ல இருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பி, வரிசையில நின்னு, பறந்து, மதுரையில இறங்கி வெளிய வர பதினொண்ணு. விமான நிலையம் தெற்க அவனியாபுரம் பக்கம், எங்க ஊர் வடக்க. தை ஒண்ணாந்தேதி அங்க ஜல்லிக்கட்டு, மூணாந்தேதி எங்களுக்கு. நடுவுல மொத்த மதுரையும் கிடக்கு. தெருமுனையில இறங்கும்போது மணி பன்னெண்டே கால். அழுகைச் சத்தம் அங்கயே கேட்டுச்சு.

சித்தப்பா மகன் தாம்பரத்துல நாலரைக்கே காரை எடுத்தவன், திருச்சி, மேலூர் வழியா பன்னெண்டுக்கு வந்துட்டான். கடைசிப் பால் அவன் கையால ஊத்தினது. எனக்குக் கால் மணி நேரம்.

ரயிலும் இப்ப மோசமில்லை. 2019-ல வந்த தேஜஸ் ஆறரை மணி நேரத்துக்குள்ள விட்டுடுது, 2024-ல வந்த வந்தே பாரத் அதைவிடச் சீக்கிரம். டெல்லிக்குப் போறவன் பறக்கட்டும், நான் வேணாம்னு சொல்லலை. நானூறு கிலோமீட்டருக்கு வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்குமான நேரத்தைத்தான் பாக்கணும். டிக்கெட் தளங்கள்ல அதுக்கு ஒரு கட்டம் சேர்க்கிறது பெரிய வேலையில்லை, நம்ம பொழப்பே அதானே. ஆனா விக்கிறவன் சேர்க்க மாட்டான்.

உங்க ஊர்க் கணக்கு என்னன்னு பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க.