தார் ராக்ஸ்: வெள்ளத்துக்குப் பயந்து 4×4 வாங்கணுமா?

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார் வாங்குறவங்க முதலில் கேட்பது, "தண்ணி நின்னா வண்டி போகுமா?" என்பதுதான். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு அப்படி. இதற்காகவே தார் ராக்ஸில் 4×4 வேரியன்ட் எடுக்கணுமா?

விலை வித்தியாசம் என்ன?

2024 அறிமுக விலைப்படி எம்எக்ஸ்5 டீசல் மேனுவல், பின்சக்கர இயக்கத்தில் ரூ.16.99 லட்சம். அதுவே 4×4 என்றால் ரூ.18.79 லட்சம் (எக்ஸ்-ஷோரூம்). ரூ.1.80 லட்சம் கூடுதல். விலை அதன்பின் மாறியிருப்பதால் ஷோரூமில் கேட்டுக்கோங்க.

4×4 எதற்கு உதவும்?

நான்கு சக்கரத்துக்கும் விசை போவதால் சேறு, மணல், செங்குத்தான ஏற்றத்தில் வண்டி எளிதில் சிக்காது. ஆனால் வெள்ளத்தில் இன்ஜின் பழுதாவது, காற்று இழுக்கும் குழாயில் தண்ணீர் புகுவதால். அந்தக் குழாயின் உயரத்தை 4×4 கூட்டாது. ராக்ஸ் தாங்கும் என நிறுவனம் சொல்லும் ஆழம் 650 மி.மீ. கிட்டத்தட்ட முழங்காலுக்குச் சற்று மேல். அதுவும் தேங்கிய தண்ணீருக்குத்தான். இழுத்துப் போகும் வெள்ளத்தில் எந்த வேரியன்ட்டும் ஆபத்துதான்.

அப்போ எது சரி?

ஜிஎஸ்டி ரோட்டில் ஆபீஸ் போய் வர பின்சக்கர வேரியன்ட்டே போதும். 6 ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. அடிக்கடி மண் பாதையில், மலைத் தோட்டத்துக்குப் போறவங்களுக்கு 4×4 வீண் செலவில்லை.

மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை இன்சூரன்ஸில் 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆனுக்கு ஒதுக்குங்க. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது. எந்த வண்டியா இருந்தாலும் சாவியைத் தொடாதீங்க. கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க.