தகவல் போதாது

சட்டத்தில் முதல் வகுப்புச் சித்தி பெற்று, லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் பயிற்சி ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளிற் சிலர், நேர்முகத் தேர்வின் வாசலையே காணாது திரும்புகின்றனர். இடையில் மறிப்பது பல வேளைகளில் வொட்சன்–கிளேசர் எனும் விமர்சனச் சிந்தனைப் பரீட்சை. அமெரிக்க உளவியலாளர் இருவரின் பெயரைத் தாங்கியது. பரவலாக வழங்கும் வடிவத்தில் 40 வினாக்கள், 30 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு 45 விநாடி!

உடனே நாம் நாடுவது பழகிய வைத்தியத்தைத்தான்: மாதிரி வினாத்தாள்களைக் குவித்து இரவு பகலாகச் செய்வது. உயர்தரப் பரீட்சைக்கு அது பலன் தந்திருக்கலாம். ஆனால் இப்பரீட்சை சட்ட அறிவையோ மனனத்தையோ கேட்பதில்லை. தாளில் உள்ளதற்கு மேல் நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள் என்பதையே பார்க்கிறது.

ஓர் உதாரணம். ஒரு நிறுவனத்திலிருந்து சென்ற வருடம் 200 பேர் விலகினர். அவர்களில் 120 பேர் பெண்கள். அங்கு பெண்கள் மோசமாக நடத்தப்படுகிறார்கள் என முடிவு செய்யலாமா? கை தானாகவே 'பெரும்பாலும் உண்மை' என்பதை நோக்கிப் போகும். சரியான விடை 'தகவல் போதாது' என்பதே. ஊழியரில் முக்காற்பங்கினர் பெண்களாயின், விகிதப்படி அதிகம் விலகியோர் ஆண்கள் அல்லவா?

இந்த விடையைத் தெரிவு செய்ய நம்மவர் தயங்குவது ஏன் என்பதில் எனக்கொரு அபிப்பிராயம் உண்டு. தணிக்கைக் காலத்தில் பத்திரிகை வாசித்த சமூகம் நாம். அச்சில் வந்ததை விட வராததையே உற்று நோக்கினோம். வரிகளுக்கிடையே வாசிப்பது அன்று உயிர் காக்கும் வித்தை. வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அது தொற்றியிருக்கும். இந்தப் பரீட்சையில் அதே வித்தை புள்ளிகளைப் பறிக்கிறது.

பகுதிக்குப் பகுதி விதியும் மாறும். அனுமானப் பகுதியில் யாவரும் ஏற்கும் பொது அறிவுக்குச் சற்று இடமுண்டு. உய்த்தறிதலில் அறவே இல்லை. 'சில' என்றால் 'எல்லாம்' ஆகவும் இருக்கலாம். வாதங்களை மதிப்பிடும்போது உங்கள் கொள்கைக்குப் பிடிக்காத வாதமும் வலுவானதாக இருக்கக்கூடும். ஆகவே நாளுக்குப் பத்து வினா போதும். பிழைத்த ஒவ்வொன்றுக்கும், தாளில் இல்லாத எதைச் சேர்த்தோம் என ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். கடிகாரம் பிறகு வரட்டும்.

இந்தச் சல்லடை நியாயமானதா என்பது வேறு விவாதம். பாரிஸ்டர் பயிற்சிக்கு 2013 முதல் கட்டாயமாயிருந்த இதையொத்த பரீட்சை 2022இல் கைவிடப்பட்டது. நிறுவனங்களும் கைவிடும் வரை விண்ணப்பதாரர் காத்திருக்க இயலாது.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்கவும் வேண்டியதில்லை. இன்றைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றை எடுத்து, தலைப்புச் சொல்வதைக் கீழுள்ள செய்தி தாங்குகிறதா எனப் பார்க்கலாம். என் தொழில் நண்பர்கள் கோபிக்கக்கூடாது. வினாக்களுக்குப் பஞ்சமே வராது.