ஒளி எவர்மேல் விழுகிறது?

ஐரோப்பிய பரோக் காலத்துச் சமய ஓவியங்களைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சு உலவுகிறது. ஒரு சாரார் “தெய்வீக ஒளி” என்று கைகூப்பி நகர்ந்துவிடுகின்றனர். மறு சாரார் “பறங்கியின் பீரங்கியோடு வந்த சரக்கு” என்று முகந்திருப்புகின்றனர். இரு சாராருமே படத்தைப் பார்க்கவில்லை என்பது நமது குற்றச்சாட்டு.

பின்னவரின் சினத்தில் நியாயம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைக் கைக்கொள்ள வந்த போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். கயல் பொறித்த கல்லொன்று அக்கோட்டை வாயிலில் இன்றும் சாட்சியாக நிற்கிறது. இக்கொடுமையை நாம் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆயினும் அதற்கு இருபதாண்டுகளுக்குள் முன்னர், அதே திருச்சபையின் தலைநகரான உரோமாபுரியில், கரவாஜியோ என்னும் ஓவியன் புனித அகுஸ்தீன் ஆலயத்திற்கென ‘லொரேற்றோ மாதா’வைத் தீட்டினான். அதில் மாதா முகிலில் மிதக்கவில்லை. சாதாரண வீடொன்றின் வாசற்படியில், கனத்த பிள்ளையை ஏந்தி, வெறுங்காலுடன் நிற்கிறாள். சுவரிலே சாந்து பெயர்ந்து செங்கல் தெரிகிறது. எதிரே மண்டியிட்டிருப்போர் இரு ஏழை யாத்திரிகர். கிழவியின் தலைத்துணி கிழிந்து அழுக்கேறியிருக்கிறது. ஆடவனின் புழுதி படிந்த உள்ளங்கால்கள் பார்ப்போர் முகத்துக்கு நேரே நீள்கின்றன. மாதாவின் கழுத்தைத் தொடும் ஒளியே அந்தப் பாதங்களையும் தொடுகிறது. ஒளிவட்டமோ மெல்லிய ஒரு கோடு மாத்திரம்.

ஒளி அருளின் குறியீடு என்று சமயவாதிகள் கூறட்டும். அந்த அருள் எங்கே விழவேண்டும் என்று தீர்மானித்தது ஓவியனின் தூரிகை. பட்டாடையின் மினுமினுப்பைக் காட்டத் தெரிந்த கை, பெயர்ந்த சாந்தையும் வெடித்த தோலையும் அதே கவனத்தோடு காட்டியிருக்கிறது. இதுவே அவன் கட்சி.

ஆலயத்துக்குச் செல்வர் கொடுத்த பணத்தில், ஏழையை அடக்கிவைக்கவே ஏழையின் படம் எழுதப்பட்டது என நம் தோழர் சிலர் வாதிப்பர். பணம் செல்வருடையதே. ஆனால் பணம் கொடுத்தவர் நோக்கம் முழுவதும் படத்தில் நிறைவேறிவிடுமானால், அவனுடைய ‘மாதாவின் மரணம்’ ஏன் மறுக்கப்பட்டது? உடல் வீங்கிய, பாதம் வெளித்தெரியும் சாதாரணப் பெண்ணாக மாதாவைக் காண உரோமாபுரித் துறவிகள் ஒப்பவில்லை. ஓவியர் ரூபன்ஸின் யோசனைப்படி 1607இல் மாந்துவா நகரப் பிரபு அதை வாங்கினார். பின்பு அரசர்கள் கைமாறி இன்று பாரிஸ் லூவரில் இருக்கிறது. ஏழைகள் வணங்கும் பீடத்திற்கு ஆகாத படம் பிரபுவின் மாளிகைக்கு ஆயிற்று! இதனினும் தெளிவான வர்க்க விளக்கம் வேறென்ன வேண்டும்?

ஆசிரிய நண்பர்களே, மாணவனைக் கொண்டு “தெய்வீக ஒளி” என்று எழுதுவித்து மதிப்பெண் போடாதீர். ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, யாரைத் தொடுகிறது, யாரை இருளில் விடுகிறது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். திருகோணமலையில் கடலுக்குப் போய் மீளும் மனிதரின் பாதங்களை அறிந்த பிள்ளைக்கு அந்த யாத்திரிகனின் பாதம் அந்நியமாகாது.

அதே பிள்ளையைக் கோட்டை வாயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். கோயிலை எடுப்பித்தவன் பெயரும் இடித்தவன் பெயரும் ஏட்டில் உண்டு. அக்கல்லை இருமுறையும் சுமந்தவன் பெயர் எங்கே என்று அவன் கேட்கட்டும்.